விற்கிற வீட்டைத் துடைத்தவர்

மதி, நேற்று நீ போனில் நம் பழைய வீட்டின் படங்களைக் கண்டுபிடித்து ஓடி வந்து காட்டினாய். கல்மண்டபத்துச் சந்து வீடு. வீடு விற்கிற ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது. வீட்டை இடித்துக் குடோன் கட்டி, குடோன் ஷட்டரும் துருப்பிடித்துவிட்டது. படத்துக்குக் கீழே மட்டும் "விற்பனைக்கு" என்றே போட்டிருக்கிறது. "நம்ம வீடு இவ்ளோ அழகாவா இருந்துச்சுப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் உங்கள் அம்மா போனை வாங்கினாள். விரலால் படத்தைப் பெரிதாக்கித் தரையைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, விருட்டென்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள். "அம்மா ஏன் கோச்சிக்கினாங்க?" என்று யுவா என்னிடம் கேட்டான்.

அது கோபம் இல்லை. என்னவென்று சொல்லத்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் எழுத்து இது. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடு அழகாக இருந்ததே இல்லை, ஒரு நாளைத் தவிர. அந்த ஒரு நாளைச் செய்தவர் கீழ்வீட்டு அத்தை.

யுவா அப்போது கைக்குழந்தை. மதிக்குக் கொஞ்சம் நினைவிருக்கலாம். இடுப்பில் எப்போதும் ஒரு ஈரத்துணி செருகியிருக்குமே, அவர்தான். நீ படியிறங்கும்போதெல்லாம் பிடித்து நிறுத்தி மூக்கைத் துடைத்துவிடுவார். மூக்கு ஒழுகாத நாளிலும் துடைப்பார். நீ கத்துவாய்.

ஒரே வீட்டில் மூன்று குடித்தனம். மாடியில் நாம். கீழே முன்பக்கம் பாய் குடும்பம். பழைய கோணிப்பை வாங்கித் தைத்து விற்பவர். கீழே பின்பக்கம் அத்தை, தனி ஆள். நடுவில் நீளமாக ஒரு நடை, அதன் கடைசியில் எல்லாருக்கும் ஒரே குழாய். வீட்டுச் சொந்தக்காரர் கிழவர் அப்போது உயிரோடு இருந்தார். மாதம் ஒருமுறை வந்து குழாயைத் திறந்து பார்த்து, மூடிவிட்டுப் போவார்.

அத்தைக்கு வேலை காசிமேட்டில், மீன் ஆய்ந்து கொடுப்பது. விடியுமுன் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு போவார். செதிலும் குடலும் ரத்தமுமாக உச்சிப்பொழுது வரை உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்தால் முதல் வேலை குளியல். அவர் அறைக்குள் போனால் மீன் வாசம் துளிகூட இருக்காது. பாய் வீட்டம்மா கேலி பண்ணுவார்: "இன்னா தங்கச்சி, மீன் ஆயப் போறியா, பூக்கட்டப் போறியா?" அத்தை சிரிக்காமல் சொல்வார்: "நாத்தம் அங்க சம்பளத்துக்கு. வூட்டுக்கு எதுக்கு?"

நடையைக் கூட்ட மூன்று குடித்தனத்துக்கும் முறை உண்டு. நம் முறை வருகிற அன்று உங்கள் அம்மா விளக்குமாற்றோடு கீழே இறங்கினால், நடை ஏற்கெனவே ஈரமாகப் பளபளவென்று இருக்கும். உதவிதானே என்று நான் சொன்னேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒத்தாசையா அது? நாம கூட்டுற லட்சணத்த சொல்லிக் காட்டுறாங்க" என்பாள். அது எனக்கும் கொஞ்சம் உண்மையாகத்தான் பட்டது. அத்தை பேச வந்து உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே நம் டிவியைத் துடைப்பார், அலமாரி விளிம்பைத் துடைப்பார். ஒருமுறை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டைத் தூக்கி அடியைத் துடைத்துவிட்டு வைத்தார். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் எல்லாம் பக்கத்துச் சாலையில்தான் வரிசை கட்டி நிற்கும். புழுதி படியாத இடம் கிடையாது. நானும் அப்படி ஒரு டிரெய்லரைத்தான் ஓட்டினேன். "நீ ஓட்டி நீயே அனுப்புற, நா தொடைக்கிறேன், நல்லா கீதுடா நாயம்" என்று என்னிடம் சொல்வார்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை அவரே சொல்லிக் கேட்டேன். அவர் புருஷன் துறைமுகத்தில் கரி இறக்குகிற வேலை பார்த்தவராம். மூச்சு வாங்கிப் படுத்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது வீடு போட்டது போட்டபடி கிடந்திருக்கிறது. வாந்தி எடுத்த பாத்திரம், கழுவாத தட்டு, அழுக்குத் துணி. ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. உடம்பை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அதையெல்லாம் காலால் ஒதுக்கித்தான் கிடத்தினார்களாம். சொந்தக்காரி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "பொணம் போட எடம் கீதா பாரு" என்றாளாம்.

"அவரு செத்தது கூட மறந்துட்சி நைனா" என்றார் அத்தை. "அவ மூக்கப் பொத்திகினது மறக்கல."

அதற்குப் பிறகு சந்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பது அவர்தான். அழமாட்டார். ஒப்பாரிக் கூட்டத்தில் உட்கார மாட்டார். உடம்பு வருவதற்குள் இடத்தை ஒழித்து வைப்பார். குளிப்பாட்டுகிற நேரம் பெண்களைச் சேலையை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, வேண்டியதை எடுத்துக்கொடுத்து நிற்பார். ஆனால் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் அந்த வீட்டு ஆட்களிடமே விட்டுவிடுவார். "குளிப்பாட்டுறது சொந்தக்காரங்க வேல. கூலிக்கு ஆள் வெக்கற வேல இல்ல." உடம்பு எடுத்தபின் வீட்டைக் கழுவிவிடுவதும் அவர் கையால்தான்.

சாவு வீட்டில் உடம்பு இருக்கும்வரை கூட்டக் கூடாது, உங்களுக்குத் தெரியும். ஆனால் அத்தை சும்மா இருப்பாரா? எதிர்வீட்டுப் பெரியவர் செத்தபோது வந்தவர்களின் செருப்புச் சேறெல்லாம் உள்ளே. ஒரு பெண் விளக்குமாற்றை எடுத்தாள். அத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி மூலையில் சாய்த்தார். இடுப்புத் துணியை உருவி, முட்டி போட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். "பொணம் கீற வூட்ல வெளக்குமாறு எட்க்கக் கூடாது. துணி எட்க்கலாம்" என்றார். இப்படி ஒரு சட்டம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் சொன்னால் சரி என்று விட்டுவிட்டோம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழவர் இறந்த கொஞ்ச காலத்தில் பெங்களூரிலிருந்து அவர் மகன் போன் பண்ணினான். வீட்டை விற்கப் போகிறானாம். விற்றால் மூன்று குடித்தனமும் காலி பண்ண வேண்டும். மதி அப்போதுதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அம்மா வேலை பார்த்த தையல் கம்பெனி நடக்கிற தூரம். பாய்க்குக் கோணி போட அந்த முன்பக்கத்தை விட்டால் இடம் கிடையாது. அத்தைக்கோ போக்கிடமே இல்லை. வள்ளூரில் ஒரு தம்பி இருந்தார், அவ்வளவுதான். விடியலில் காசிமேட்டுக்கு வரவேண்டியவர் அங்கே போய் என்ன பண்ணுவார்?

புரோக்கர் ஒருவர் படம் எடுக்க வருவதாகத் தகவல் வந்தது. பாய்தான் யோசனை சொன்னார். "வூடு பாக்கறதுக்கு லச்சணமா இருந்தாத்தானே மாமு எவனாச்சும் வாங்குவான்? குப்பையாக்கி வுடு. எவன் வர்றான் பாப்போம்."

அப்படியே செய்தோம். பாய் கோணி மூட்டைகளை நடையில் அடுக்கினார். நான் டிரெய்லரின் பழைய டயர்களைக் கொண்டு வந்து படிக்கட்டு ஓரம் போட்டேன். உங்கள் அம்மா நடையின் குறுக்கே கயிறு கட்டி ஈரத்துணியாகத் தொங்கவிட்டாள். அத்தையிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: மீன் கூடையைக் கழுவாமல் நடையில் வைக்கணும், எதையும் தொடக் கூடாது. அவர் தலையாட்டினார். கூடையை வைத்துவிட்டு வெளியே போய்ச் சந்து முனையில் உட்கார்ந்துகொண்டார். ஜுரம் வந்தவர் மாதிரி முகம். படம் எடுத்து முடிக்கும்வரை உள்ளே வரவேயில்லை.

புரோக்கர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுத்தார். "இன்னா பாய், இது வூடா குடோனா?"

"குடோன்னே போட்டுக்க. ஒனக்குக் கமிஷன் வந்தா சரிதானே."

"யாராச்சும் கொஞ்சம் ஒயிச்சி வெக்கக் கூடாதா? வாடகைக்கு கீறவங்க நீங்கதான் ஒயிக்கணும்."

"விக்கிறது அவுரு" என்றேன் நான். "அவுரு வந்து கூட்டட்டும்."

புரோக்கர் அப்போதே பெங்களூருக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். "டெனன்ட்ஸ்தான் க்ளீன் பண்ணணும், இதெல்லாம் என்கிட்ட கேப்பீங்களா?" என்றான் அந்த மகன். பாய் போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்: "தம்பி, நீ ரயிலேறு. வெளக்குமாறு மட்டும் நான் வாங்கி வெக்கிறேன்." அவன் போனை வைத்துவிட்டான். நாங்கள் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

யோசனை பலித்தது. அந்தப் படங்களைப் பார்த்து ஒருத்தரும் வரவில்லை. மாதங்கள் ஓடின. குப்பையை எடுத்தால் புரோக்கர் திடீரென்று வந்துவிடுவார் என்று அப்படியே வைத்திருந்தோம். அத்தை தன் அறைக் கதவை மூடியே வைத்திருப்பார். நடையில் போகும்போது மூட்டைகளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு போவார். சொன்ன சொல்லை மீறவில்லை, ஒன்றைத் தவிர. மழை பெய்து டயருக்குள் தண்ணீர் நின்றால் காலையில் கவிழ்த்துவிட்டுப் போவார். "டயர வெச்சிக்க நைனா. கொசுவ வெச்சிக்காத. கொயந்த கீது" என்பார்.

பிறகு புரோக்கர் மறுபடி வந்தார். இந்தத் தடவை பெரிய கேமராவோடு ஆள் வரப் போகிறார், வருகிற ஞாயிற்றுக்கிழமை, வீடு எப்படிக் கிடந்தாலும் எடுக்கப் போகிறோம் என்றார். கிடக்கட்டும் என்று நாங்கள் நினைத்தோம். அந்த ஞாயிறு எனக்கு எண்ணூருக்கு லோடு. அம்மாவுக்குக் கம்பெனியில் ஓவர்டைம். உங்களைத் தண்டையார்பேட்டையில் உங்கள் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பாய் குடும்பம் வண்ணாரப்பேட்டைக்கு ஒரு நிக்காவுக்குப் போயிருந்தது. வீட்டில் அத்தை ஒருவர்தான்.

நானும் அம்மாவும் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கேமராக்காரர் பையை மூடிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வேறு வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. நடை முழுக்கச் சிவப்புச் சிமென்டுத் தரை. அது சிவப்பு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூட்டைகள் மொட்டை மாடியில். டயர்கள் சந்துக்கு வெளியே. கயிறு அவிழ்த்துச் சுருட்டி ஆணியில். குழாய் தங்கம் மாதிரி மின்னியது. சுவரில் ஆள் உயரத்துக்குக் கரியைத் தேய்த்து எடுத்திருந்தார் அத்தை. தனி ஆளாக எப்படி அத்தனையையும் தூக்கினார் என்று இன்னும் தெரியவில்லை. அவர் குழாயடியில் உட்கார்ந்து துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

புரோக்கர் போகிற போக்கில், "சூப்பர்மா, இதத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

அம்மா உன்னை என் கையில் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள், யுவா.

"யாரக் கேட்டுத் தொட்ட?"

அத்தை நிமிரவில்லை. "போவப் போற வூடு கண்ணு."

"வூடு எங்கயும் போவாது. போவப் போறது நாங்க. நீயும்தான். புத்தி கெட்டுப் போச்சாக்கா ஒனக்கு?"

"இன்னிக்கில்லனா நாளைக்கு வித்துடுவான். ஒனக்கே தெரியும்."

"நாளைக்கு விக்கட்டும். இன்னும் ஒரு வருசம் புள்ள இந்த ஸ்கூல்ல படிச்சிருக்கும்."

அத்தை துணியை உதறி மடித்தார். மெதுவாகத்தான் பேசினார். "எந்தப் பொணத்தையாச்சும் குளிப்பாட்டாம படம் எட்த்துப் பாத்துகிறியா? அத்தினி பேரும் பாக்கப் போறானுங்க. கலீஜா கெடக்குதுன்னு மூக்கப் பொத்துவானுங்க."

"உசுரோட கீறத எதுக்குக் குளிப்பாட்டின?"

அத்தை மடித்த துணியை வாளியின் விளிம்பில் போட்டார். "பெங்களூர்ல கீறவனா வந்து குளிப்பாட்டுவான்? நாமதானே இதுக்குச் சொந்தம்" என்றார். அம்மா அவர் பக்கத்தில் இருந்த வாளியைக் காலால் தள்ளிவிட்டாள். தண்ணீர் நடை முழுக்க ஓடியது. அத்தை மறுபடி முட்டி போட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.

வீடு சீக்கிரமே விற்றுப்போயிற்று. அந்தப் படங்களால்தான் விற்றது என்று புரோக்கரே சொன்னார். வாங்கியவருக்கு வீடு தேவையில்லை, இடம்தான். பாய் தண்டையார்பேட்டையில் ஒரு ஷெட்டுக்குப் போனார். அங்கே கோணி நனைந்து தொழில் விட்டுப்போயிற்று. நாம் கொடுங்கையூருக்கு வந்தோம். குப்பை மேட்டுப் புகை ஜன்னல் வழியே வரும்போதெல்லாம் உங்கள் அம்மா, "நல்லா தொடச்சா, நல்லா இருக்கட்டும்" என்பாள். யாரை என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் மறுத்துப் பேசியதில்லை. அத்தை செய்தது சரி என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. எங்களை வெளியே தள்ளியது அவர் கைதான். ஆனாலும் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

காலி பண்ணுகிற அன்று அம்மா அவரிடம் பேசவில்லை. வண்டியில் ஏற்ற அவர் தூக்கி வந்த குடத்தைப் பிடுங்கி வைத்தாள். அத்தை உன் மூக்கைத் துடைக்கக் கை நீட்டினார், மதி. அம்மா உன்னை இழுத்துக்கொண்டாள்.

வள்ளூர்ப் பக்கம் லோடு போனபோது ஒருமுறை இறங்கி அவரைப் பார்த்தேன். தம்பி வீட்டின் பின்னால் தகரம் போட்ட ஒரு அறை. காற்றடித்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிற ஊர் அது. முருங்கை மரம் பச்சையாகவே இல்லை. காசிமேட்டு வேலை விட்டுப்போயிருந்தது. கையில் துணியோடு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"தொடச்சிட்டு இப்பிடித் திரும்பறேன், மறுபடி கீது" என்றார். "இங்க என்னால முடியல நைனா."

கிளம்பும்போது, "ஒம் பொண்டாட்டி இன்னும் திட்டிகினு கீறாளா?" என்று கேட்டார்.

"கீறாக்கா."

"திட்டட்டும். சாபத்துலதான் நா ஞாபகத்துல கீறேன்."

அவர் செத்த செய்தியைப் பாய்தான் போனில் சொன்னார். நான் சட்டையை மாட்டும்போது பார்த்தால், அம்மா கதவுக்கு வெளியே செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் கூப்பிடவில்லை.

தகர அறையில் பெஞ்சுமேல் கிடத்தியிருந்தார்கள். தரையில் சாம்பல். வந்தவர்களின் காலடி அதில் அச்சு அச்சாக. அத்தையின் நெற்றியிலும் உதட்டிலும்கூட மெல்லிசாகப் படிந்திருந்தது. ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி யாரிடமோ சங்கடமாகச் சொன்னார்: "கூட்டலாம்னா, எட்க்கற வரைக்கும் கூட்டக் கூடாதுன்றாங்க. நா இன்னா பண்றது?"

உங்கள் அம்மா வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். பிறகு, "ஒரு பழைய துணி குடுங்க. தண்ணி குடுங்க" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகி முட்டி போட்டாள். மூலையிலிருந்து ஆரம்பித்தாள். பெஞ்சுக்கு அடியிலும் கையை விட்டுத் துடைத்தாள். எல்லாரும் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். மூக்கை மூடியிருந்த பெண்ணின் முன்னால் வந்ததும் அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பெண் முந்தானையை இறக்கினாள்.

குளிப்பாட்டுகிற நேரம் வந்தது. பெண்கள் சேலையைப் பிடித்தார்கள். ஆண்கள் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். உள்ளே தம்பி மனைவி கேட்டது காதில் விழுந்தது. "நீங்க இன்னா ஒறவு ஆவணும்? சொந்தக்காரங்கதான் ஊத்தணும்."

"ஒரே வூடு" என்றாள் அம்மா. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எண்ணூர் தாண்டியபின் சொன்னாள்: "படம் எட்த்த அன்னிக்கி நம்ம வூட்ல வெளக்குமாறு அது பாட்டுக்கு மூலைல சாத்தி இருந்திச்சி. காஞ்சி போயி. அத்தினி குப்பையும் அவங்க துணியாலதான் எட்த்துகிறாங்க. நா பாத்தேன். பாத்தும் புரியல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு புகை வரும்போது அவள் யாரையும் திட்டியதில்லை. ஜன்னலைச் சாத்துவாள்.

மதி, அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார். நடையின் கோடியில், மூலையில் விளக்குமாறு சாய்ந்து நிற்கும். தரை பளபளவென்று இருக்கிறது, அழகு என்றாயே, அது பாலிஷ் இல்லை. அவர் துடைத்து எழுந்தவுடன் கேமராக்காரர் எடுத்துவிட்டார். ஈரம் காயவில்லை.